எந்தப் பக்கம் என்று கேட்காத லேப்டாப்

லேப்டாப்பை மேசைமேல் வைத்த கையோடு தங்கலட்சுமி சொன்னாள்: "இது இப்பல்லாம் எந்தப் பக்கம்னு கேக்க மாட்டேங்குதுக்கா."

சேக் முகம்மது எட்டிப் பார்த்தான். மூடியில் அரசு முத்திரை பாதி தேய்ந்துபோன, பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த லேப்டாப். "கண்டக்டர் வேலை பாத்த லேப்டாப்பா தங்கச்சி? நரிக்குடியா, காரியாபட்டியான்னு கேட்டு டிக்கெட்டு கிழிக்குமோ?"

யாரும் சிரிக்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பொன்னுத்தாய் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போலீசில் ஏட்டம்மாவாக இருந்து வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள். அருப்புக்கோட்டையில் பரோட்டாக் கடைக்கு மேலே இருந்த இந்த மாடியறையில், மாப்பிள்ளை குடிக்கிறானா, வேறு குடும்பம் இருக்கிறதா என்று பெண் வீட்டாருக்கு விசாரித்துச் சொல்வதுதான் அவளுடைய பிழைப்பு. சவூதியில், தம்மாமில் தண்ணி லாரி ஓட்டிவிட்டுத் திரும்பி வந்த சேக் முகம்மது அவளுக்கு உதவியாள். டீ வாங்கிக் கொடுத்து ஊமையையும் பேச வைப்பான். இறப்பு வீட்டுச் சங்கதி அவர்களிடம் வருவது இதுதான் முதல் தடவை.

தங்கலட்சுமி வயிற்றுப் பிள்ளைக்காரி. ஏழாவது மாதம் நடக்கிறது. ஆஸ்பத்திரிக்கு என்று புருஷனிடம் சொல்லிவிட்டுக் காரியாபட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் அப்பா வீட்டுக்குப் போய், லேப்டாப்பை எடுத்துக்கொண்டு இங்கே வந்திருந்தாள்.

"மொதல்ல இருந்து சொல்லு தாயி" என்றாள் பொன்னுத்தாய்.

அந்த லேப்டாப்பில் பள்ளியில் கொடுக்கும்போதே இரண்டு சிஸ்டம் இருந்தன. விண்டோஸ் ஒன்று, லினக்ஸ் ஒன்று. பட்டனை அமுக்கியதும் கறுப்புத் திரையில் இரண்டு பெயரும் வந்து நிற்கும். எது வேண்டுமோ அதற்குள் போய்க்கொள்ளலாம். ஊரில் முக்கால்வாசிப் பிள்ளைகள் வாங்கிய சூட்டோடு கடையில் கொடுத்து லினக்ஸைத் தூக்கிவிட்டார்கள். தங்கலட்சுமி தூக்கவில்லை. தங்கை செல்லக்கிளியின் முறை வந்தபோது லேப்டாப் கொடுப்பது நின்றுபோயிருந்தது. ஆகவே அக்காவும் தங்கையும் அந்த ஒரு லேப்டாப்பைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். விண்டோஸ் அக்காவுக்கு. லினக்ஸ் தங்கைக்கு. ஒருத்தியின் பாஸ்வேர்டு இன்னொருத்திக்குத் தெரியாது.

"அவ பக்கம் நான் போக மாட்டேன். என் பக்கம் அவ வர மாட்டா. கல்யாணமாகிப் போகையில அவகிட்டயே விட்டுட்டுப் போனேன். ஊருக்கு வரும்போது மட்டும் என் பக்கத்தத் தெறந்து பாத்துக்குவேன்."

பட்டனை அமுக்கினாள். திரை எதையும் கேட்கவில்லை. நேராக விண்டோஸுக்குள் போய்ப் பாஸ்வேர்டுக்கு நின்றது. இடது உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு தட்டினாள்.

"ஏடிஎம்முல நிக்கிற மாதிரி மறைக்கிறியே தங்கச்சி, உள்ள அவ்வளவு இருக்கா?" என்றான் சேக் முகம்மது.

"பழக்கம்ணே" என்றவள், வெறும் திரையைக் காட்டினாள். "அவ பக்கமே இல்ல. அவ இருந்ததுக்குத் தடமே இல்லாம யாரோ தொடச்சிட்டாக."

செல்லக்கிளி திருச்சுழியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். ஒரு திங்கட்கிழமை வேலைக்குப் போனவள் திரும்பவில்லை. வியாழக்கிழமை, பரளச்சிக்குத் தள்ளி, சீமைக்கருவேலம் அடைந்துபோன ஒரு பாழுங்கிணற்றில் கிடந்தாள். போலீசில் காதல் தோல்வி, தற்கொலை என்று எழுதிக் கேஸை மூடிவிட்டார்கள். பையன் யாரென்று மட்டும் இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

"பையனே இல்லாத காதலு" என்றாள் பொன்னுத்தாய். "வீட்டுல கேட்டுப் பாத்தியா, யாரு தொட்டான்னு?"

"அப்பாவக் கேட்டேன். யாரும் தொடலைன்னுட்டாரு. எங்க வீட்டுல அவுகளக் கேட்டேன், போனவ போயிட்டா, விட்டுத் தொலையின்னுட்டாக." தங்கலட்சுமியின் குரல் இறங்கியது. "ஊருல வாய்க்கு வந்தபடி பேசுறாகக்கா. நெசமா பொய்யான்னு மட்டும் எனக்குத் தெரியணும். நெசம்னா அழுதுட்டு விட்டுர்றேன். பொய்யின்னா, இந்தப் பிள்ளை பெறக்குறதுக்குள்ள தெரியணும். கடைசியாப் பேசும்போது, 'வளைகாப்பு முடியட்டும்க்கா, லேப்டாப்புல ஒனக்கு ஒண்ணு காட்டணும்'னா. என்னன்னு கேட்டேன், சொல்லல."

பொன்னுத்தாய் எழுந்து, சந்தேகக் கேஸில் பிடித்துவந்த ஆளின் பையைத் துழாவுவதுபோல லேப்டாப்பைத் துழாவினாள். கவிழ்த்துப் போட்டு பேட்டரியைக் கழற்றினாள். பேட்டரி இருந்த குழியில் கறுப்பு மார்க்கரில் 786 என்று எழுதியிருந்தது. லேப்டாப்பின் மற்ற எழுத்துகளெல்லாம் மங்கிக்கிடக்க, இது மட்டும் பளிச்சென்று இருந்தது.

"சேக்கு, இது ஒங்க ஆளுக எழுதுறதுல்ல?"

"ஆமாக்கா. அல்லா பேரச் சொல்லித் தொடங்குறதுக்கு அடையாளம். எந்த ரிப்பேரையும் இத எழுதாமத் திருப்பிக் குடுக்காத ஆளு டவுனுல ஒருத்தருதான். ரபீக் பாய். போன வருஷம் என் செல்லுலயும் எழுதுனாரு. மறுநாளே தொட்டித் தண்ணிக்குள்ள போட்டுட்டேன். அதுக்கு அவரு பொறுப்பில்ல."

பொன்னுத்தாய் செருப்பை மாட்டினாள். "தாயி, நீ பஸ்ஸப் பிடிச்சு ஒங்கப்பா வீட்டுக்குப் போ. நாங்க பின்னாடி வாறோம். இது எங்ககிட்ட இருக்கட்டும்."

முகம்மது ரபீக்கின் கடை, ஆள் ஒருக்களித்து நுழையும் அகலம்தான் இருந்தது. சுவரெங்கும் உயிர்போன கீபோர்டுகள். லேப்டாப்பைக் கண்டதும் அவருடைய முகம் மலர்ந்தது.

"இது வரும்போது மரக்கட்டை. பட்டன அமுக்குனா திரை கறுத்து, ரெஸ்க்யூன்னு ஒத்தச் சொல்லோட நின்னுச்சு."

"அப்படின்னா?" என்றாள் பொன்னுத்தாய்.

"காப்பாத்துன்னு அர்த்தம்க்கா" என்றான் சேக் முகம்மது.  பாழுங்கிணற்றின் அடியிலிருந்து மேலே பார்த்தால் வானமும் அப்படித்தான் ஒரு சின்னத் திரைபோலத் தெரியும் என்று ஏனோ நினைத்துக்கொண்டான்.

"என்னத்தப் பண்ணுனா இப்படி ஆகும் பாய்?" என்றாள் பொன்னுத்தாய்.

ரபீக் கையில் இருந்த ஸ்குருடிரைவரால் காற்றில் ஒரு வீடு வரைந்தார். "வாசல்ல வாட்ச்மேன் மாதிரி ஒரு சின்னப் புரோகிராம் இருக்கும். எந்தப் பக்கம்னு கேக்குறது அவன்தான். ஆனா அவன் குடியிருக்கிறது லினக்ஸ் ரூமுல. வெவரம் தெரிஞ்சவன் என்ன பண்ணுவான்? மொதல்ல விண்டோஸோட பழைய வாட்ச்மேனக் கூட்டியாந்து வாசல்ல நிறுத்துவான். அப்புறந்தான் லினக்ஸத் தூக்குவான். இத இடிச்சவன் எடுத்த எடுப்புல ரூமை இடிச்சுட்டான். வாட்ச்மேனும் அதுக்குள்ள போயிட்டான். இந்தப் பக்கமும் போக முடியாது, அந்தப் பக்கமும் போக முடியாது."

"நீங்க என்ன செஞ்சீக?"

"என்கிட்ட இருந்த பென்டிரைவப் போட்டு, பழைய வாட்ச்மேன வாசல்ல கொண்டாந்து நிறுத்துனேன். நேரா விண்டோஸுக்குப் போயிருச்சு."

பொன்னுத்தாய் கொஞ்சம் யோசித்தாள். "இடிச்சவன் எங்க உக்காந்து இடிச்சிருப்பான்?"

"விண்டோஸுக்கு உள்ள இருந்துதான். தான் உக்காந்திருக்கிற ரூமைத் தானே இடிக்க முடியாதுல்ல. என்னைய மாதிரி பென்டிரைவ் போட்டு வெளிய இருந்து இடிக்கிற அளவுக்குத் தெரிஞ்சவன், இந்தத் தப்பைப் பண்ண மாட்டான்."

'என்னைய மாதிரி' என்று சொல்லும்போது ரபீக் நெஞ்சைத் தட்டிக்கொண்டார்.  சேக் முகம்மது கேட்டான்.

"கொண்டாந்தது யாரு பாய்?"

"ஒரு பெரியவரு. தலையில துண்டு. ஒரச்சாக்குல சுத்திக் கொண்டாந்தாரு, பரளச்சிப் பக்கம்னாரு. செவ்வாக்கெழமை. அன்னைக்கு டவுனுல கரண்டு இல்ல, அதான் ஞாவகம் இருக்கு. நாளைக்கு வாங்கன்னேன், போகல. கரண்டு வர்ற வரைக்கும் வாசல்ல குத்தவச்சே உக்காந்திருந்தாரு. சரியானதும் பாஸ்வேர்டு கேட்டுச்சு. அவருக்குத் தெரியல. 'வெளிச்சம் வந்துருச்சுல்ல, போதும்'னுட்டாரு. காலியாக் கெடக்குற எடத்தையும் சேத்து விடட்டுமான்னு கேட்டேன். 'எதையும் தொடாதீக'ன்னு கையப் பிடிச்சுக்கிட்டாரு. அதனால தொடல. கதவுதான் இல்ல, அந்த ரூமு இன்னும் உள்ள அப்படியேதான் கெடக்கும். கொஞ்சம் பொறுமையா உக்காந்தா எடுத்துறலாம்."

ஸ்கூட்டர் பரளச்சி ரோட்டில் திரும்பியபோது வெயில் தலைக்குமேல் நின்றது. இரு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. கருவேல மரங்களுக்கு இடையில் ஆடுகள் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தன. சேக் முகம்மது ஆடுகளுக்கு ஒதுங்கி வண்டியை மெல்ல ஓட்டினான்.

"செவ்வாக்கெழமைக்கா" என்றான். "ஊரே கம்மாயிலயும் காட்டுலயும் அந்தப் பிள்ளையத் தேடுது. பெத்தவன் கம்ப்யூட்டர் கடை வாசல்ல உக்காந்திருக்கான். மக கேட்டதுக்கு யாரும் தொடலைன்னு பொய் சொல்லியிருக்கான். இதுக்கு மேல என்ன வேணும்? மானம் போயிருச்சுன்னு பெத்தவனே..."

"வண்டியப் பாத்து ஓட்டு."

"நான் தப்பாச் சொல்றேனா?"

"நீ சொல்லல. பேப்பருல படிச்சது சொல்லுது" என்றாள் பொன்னுத்தாய்.

தங்கலட்சுமியின் அப்பா மொக்கையனின் வீட்டு வாசலில், வேப்பமரத்தில் கட்டியிருந்த கொடியில் ஒரு பெண்ணின் துப்பட்டா இன்னும் காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லைபோலும். தங்கலட்சுமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மொக்கையன் ஆட்டுக்குட்டிக்குத் தழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தவர், சேக் முகம்மதின் கையில் லேப்டாப்பைப் பார்த்ததும் தழையைக் கீழே விட்டார்.

"பெரியவரே, செவ்வாக்கெழமை இதத் தூக்கிக்கிட்டு அருப்புக்கோட்டைக்குப் போனீகளா?" என்று நின்றபடியே கேட்டான் சேக் முகம்மது. குரல் அவனுக்கே கடுமையாகக் கேட்டது.

அவர் மகளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "போனேன்."

"அப்பா!" என்றாள் தங்கலட்சுமி.

"போலீசுல போட்டா கேட்டாகம்மா. வீட்டுல அவ போட்டா ஒண்ணும் இல்ல. இதுலதான் வச்சிருப்பான்னு தெரியும். அவ அமுக்குற பட்டனப் பாத்திருக்கேன்ல, செவ்வாக்கெழம விடியவும் அமுக்குனேன். கருகருன்னு வந்து நின்னுருச்சு. என்னத்தையோ அமுக்கிக் கெடுத்துப்புட்டேன்னு நெனச்சேன்." மொக்கையன் துண்டை உதறித் தோளில் போட்டார். "வந்தா மொதல்ல இதத்தான் தேடுவா. அவ வர்றதுக்குள்ள சரி பண்ணி வச்சிரணும்னு ஓடுனேன். ரெண்டு நாளு கழிச்சு... அப்புறம் யாருகிட்ட என்னன்னு சொல்ல? நான் கெடுத்தேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

சேக் முகம்மது மெல்லக் கீழே உட்கார்ந்தான். வழியெல்லாம் மனசுக்குள் இந்தக் கிழவனைத் தூக்கில் போட்டுக்கொண்டு வந்திருந்தான். இப்போது அவர் கண்ணைப் பார்க்க முடியாமல் ஆட்டுக்குட்டியின் முதுகைத் தடவினான்.

பொன்னுத்தாய் அவர் அருகில் குத்தவைத்து உட்கார்ந்தாள். "திங்கக்கெழம காலையில இது ஓடுச்சாய்யா?"

"ஓடுச்சு தாயி. பாட்டுப் போட்டுக்கிட்டேதான் தல சீவுனா."

"அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுல யாரு இருந்தது?"

"ஒருத்தரும் இல்ல. தெருவே கம்மாக்கரையில இருந்துச்சு. வீட்டப் பூட்டவும் இல்ல. நாங்க தேடிக்கிட்டு இருக்கையில அவ வந்துட்டா உள்ள போகணும்ல."

பொன்னுத்தாய் கீழே கிடந்த தழையை ஆட்டுக்குட்டிப் பக்கம் தள்ளிவிட்டாள்.

"பூட்டாத வீடு" என்றாள் பொன்னுத்தாய். "யாரு வேணும்னாலும் வந்திருக்கலாம். அதனால வீட்டுச் சாவி நமக்கு ஒதவாது. இன்னொரு சாவிதான் ஒதவும். சேக்கு, ரபீக் பாய் என்ன சொன்னாரு? லினக்ஸ் ரூமை இடிச்சவன் எங்க உக்காந்து இடிச்சான்?"

"விண்டோஸுக்குள்ள."

"விண்டோஸ் யாரு பக்கம்?"

  சேக் முகம்மது தங்கலட்சுமியைப் பார்த்தான்.

"அவனுக்கு வேண்டியது தங்கச்சி பக்கத்துல இருந்துச்சு. அவ பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியாது. உள்ள போயிப் பாத்துத் தேவையானத மட்டும் அழிக்க வழியில்ல. அதனால ரூமையே இடிச்சான். அதுக்கு அக்கா பக்கத்துச் சாவி போதும்" என்ற பொன்னுத்தாய், தங்கலட்சுமியின் பக்கம் திரும்பினாள். அவள் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "ஒன் பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும் தாயி?"

 காலையில் பாஸ்வேர்டை மறைத்த தங்கலட்சுமியின் அதே இடது கை வயிற்றின்மேல் இருந்தது.

"அப்பாவுக்குத் தெரியாது. செல்லக்கிளிக்கும் தெரியாது" என்றாள் கடைசியில். "கல்யாணம் ஆன புதுசுல மாத்துனேன். பொண்டாட்டி புருஷனுக்குள்ள என்ன ஒளிவு மறைவுன்னு, அவுகதான் அவுக பேரையே வைக்கச் சொன்னாக."

"மாப்பிள்ளை திங்கக்கெழம எங்க இருந்தாரு?"

"மருதையில. வேல சோலின்னு. வியாழக்கெழம அவளக் கண்டெடுத்த பெறகுதான் இங்க வந்தாக." தங்கலட்சுமி நிறுத்தினாள். அடுத்த வார்த்தையைக் கிணற்றிலிருந்து வாளி இழுப்பதுபோல இழுத்தாள். "செல்லக்கிளி ஒண்ணு காட்டணும்னாளே, அத நான் ஒரே ஒருத்தருகிட்டதான்க்கா சொன்னேன். ராத்திரி சோறு போடையில, சிரிச்சுக்கிட்டே சொன்னேன். ஒங்க கொழுந்தியா வளைகாப்பு முடிஞ்சு எனக்கு என்னமோ காட்டப் போறாளாம், லேப்டாப்புல வச்சிருக்காளாம்னு."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. கை கழுவிட்டு எந்திரிச்சுட்டாக." அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. "நான் இல்லாத நேரமாப் பாத்து அவகிட்டப் பேசுறாகன்னு ஒரு தடவ சந்தேகம் வந்துச்சு. வயித்துப் பிள்ளைக்காரிக்குப் புத்தி இப்படித்தான் போகும்னு என்னையவே வைஞ்சுக்கிட்டேன்."

அப்போதுதான் தங்கலட்சுமியின் போன் அடித்தது. திரையில் காளீஸ்வரன் என்று அவள் புருஷனின் பெயர் மின்னியது.

பொன்னுத்தாய் எடுக்காதே என்று கையைக் காட்டுவதற்குள் தங்கலட்சுமி எடுத்துவிட்டாள். ஸ்பீக்கரைப் போட்டு, போனைத் தரையில் வைத்தாள். சேக் முகம்மது சத்தமில்லாமல் தன் போனில் ரிக்கார்டிங்கைத் தட்டி அதன் பக்கத்தில் வைத்தான்.

"எங்கடி இருக்க? ஆஸ்பத்திரிக்குப் போனா இவ்வளவு நேரமா?"

"அப்பா வீட்டுல இருக்கேங்க."

"அங்க எதுக்கு?"

"லேப்டாப்பப் பாக்க வந்தேன்." அவள் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "தெறந்தேன். எந்தப் பக்கம்னு கேக்குது."

போனில் ஒரு லாரி கடந்துபோகும் இரைச்சல் கேட்டது. அது தேய்ந்து மறையும்வரை மறுபக்கம் மூச்சில்லை.

"அது எப்படிக் கேக்கும்?" என்றான் காளீஸ்வரன். "அந்தப் பக்கந்தான் இல்லையே..."

நின்றுவிட்டான்.

லேப்டாப் கேள்வி கேட்பதை நிறுத்தியதை அவனிடம் யாரும் சொன்னதில்லை. யாராவது தொட்டார்களா என்று மட்டும்தான் தங்கலட்சுமி கேட்டிருந்தாள். பொன்னுத்தாய் கண்ணை மூடித் திறந்தாள். காக்கியில் இருந்த காலமெல்லாம் அடித்தும் மிரட்டியும் வாங்கப் பார்த்த ஒரு சொல், இந்த மண்தரையில் கேட்காமலே வந்து விழுந்து கிடந்தது.

"நான் வாரேன்" என்றான் காளீஸ்வரன். குரல் மாறியிருந்தது. "இப்பவே கெளம்பி வாரேன். அதத் தொடாத. யாருகிட்டயும் குடுக்காத. கேக்குதா?"

"வாங்க" என்றாள் தங்கலட்சுமி. "இங்கதான் இருப்பேன்."

போன் அணைந்ததும் பொன்னுத்தாய் எழுந்து கொல்லைப் பக்கம் போய், இன்னும் தன் சொல்லை மதிக்கிற ஒரு இன்ஸ்பெக்டருக்குப் பேச ஆரம்பித்தாள். பரளச்சி, பாழுங்கிணறு, லேப்டாப்பில் இரண்டு பக்கமும் சாட்சி, ஒன்றையும் அழிக்காமல் எடுக்க வேண்டும் என்று துண்டு துண்டாகக் காற்றில் வந்தது. சேக் முகம்மது வாசலுக்குப் போய் ஸ்கூட்டரை ரோட்டுக்கு மறைவாகத் தள்ளி நிறுத்தினான். ஒரு வேடிக்கைப் பேச்சாவது பேசி இந்த வீட்டின் கனத்தைக் கொஞ்சம் குறைக்க மாட்டோமா என்று தேடிப் பார்த்தான். வாய் கரிசலாகக் காய்ந்திருந்தது.

மொக்கையனுக்குப் பேச்சு பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. மருமகன் பெயர் ஏன் இதில் வருகிறது என்று கேட்கப் பயந்தவர்போல, தனக்குப் புரிந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மகள் அருகில் வந்து உட்கார்ந்தார். மூடிக்கிடந்த லேப்டாப்பைத் துண்டால் துடைத்தார்.

"அப்ப இத நான் கெடுக்கலையாம்மா?"

தங்கலட்சுமி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ இல்லப்பா" என்றாள். "நாந்தான் சாவியக் குடுத்தேன்."